வலியன், கரிச்சான், ஆனைச்சாத்தன்... ஒரு குருவிக்கு ஏன் இத்தனை பெயர்?

கேள்வி: ‘‘திருச்சி, கே.கே. நகரில் குடியிருக்கிறோம். மணப்பாறை பக்கம் இரண்டரை ஏக்கரில் நிலக்கடலையும் கொஞ்சம் நெல்லும் போடுகிறோம். வீட்டுக்கு எதிரே உள்ள மின்கம்பியில் தினமும் ஒரு கறுப்புக் குருவி வந்து உட்காருகிறது. வால் இரண்டாகப் பிரிந்திருக்கிறது. மாமியார் அதை ‘வலியன்’ என்கிறார். வீட்டுக்காரர் ‘கரிச்சான்’ என்கிறார். ஸ்ரீரங்கத்தில் இருக்கும் அத்தை, ‘திருப்பாவையில் வருகிற ஆனைச்சாத்தன் இதுதான்’ என்கிறார். பள்ளிக்கூடம் போகும் மகன் ‘ட்ராங்கோ’ என்கிறான். இதில் எது சரியான பெயர்? இதே குருவி எங்கள் வயலிலும் நிறைய இருக்கிறது. விதைத்த கடலையைப் பொறுக்குகிறது என்று சொல்லி, காவலுக்கு இருப்பவர் வெடி போட்டு விரட்டுகிறார். விரட்டலாமா?’’

- வாசகி, கே.கே. நகர், திருச்சி.

பதில்: நான்கு பெயர்களும் சரி. விரட்டுவதுதான் தவறு. இந்தக் குருவி கடலையையும் தின்னாது, நெல்லையும் தின்னாது. பூச்சிதான் அதன் சாப்பாடு. விதைத்த கடலையைத் தோண்டி எடுப்பவை காகமும் மயிலும். காகமும் கறுப்பு, இதுவும் கறுப்பு என்பதால் தூரத்திலிருந்து பார்ப்பவர்களுக்கு இரண்டும் ஒன்றாகத் தெரிகின்றன. ‘கறுப்புக் குருவி’ என்று பொதுவாகச் சொல்லிவிட்டால் இப்படிப்பட்ட குழப்பம் வரும். பெரியவர்கள் அப்படிச் சொல்லவில்லை. நிறத்துக்கு ஒரு பெயர், வாலுக்கு ஒரு பெயர், குணத்துக்கு ஒரு பெயர் என்று தனித்தனியாக வைத்தார்கள். அந்தப் பெயர்களை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தாலே, விரட்டலாமா கூடாதா என்ற கேள்விக்கும் பதில் கிடைத்துவிடும்.

நிறத்தால் வந்த பெயர்

கரிச்சான், கரிக்குருவி என்ற இரண்டு பெயர்களுக்கும் அடிப்படை ‘கரி’. அடுப்புக்கரி போலக் கறுப்பு என்பதுதான் பொருள். உடம்பு முழுக்கப் பளபளப்பான கறுப்பு. வெயில் படும்போது லேசாக நீலம் மின்னும். அலகு சேரும் வாயோரத்தில் மட்டும் கடுகளவு ஒரு வெள்ளைப் புள்ளி இருக்கும்.

‘ஓணான்’, ‘பூரான்’, ‘தட்டான்’ என்று உயிர்களுக்குப் பெயர் வைக்கும்போது ‘ஆன்’ என்று முடிப்பது தமிழ்நாட்டுக் கிராமங்களின் வழக்கம். கரிச்சானும் அந்த வரிசையில் வருகிறது. இலக்கியத்தில் ‘கரி’ என்ற சொல்லுக்கு யானை என்றும் பொருள் உண்டு. ஆனால், கரிச்சானில் இருப்பது நிறத்தைக் குறிக்கும் கரிதான். யானை வேறொரு பெயரில் வருகிறது. அதைப் பிறகு பார்க்கலாம்.

இந்தப் பெயரைப் புனைபெயராக வைத்துக்கொண்டவர்களும் உண்டு. சிறுகதை எழுத்தாளர் கு.ப. ராஜகோபாலன் (1902-1944), ‘கரிச்சான்’ என்ற பெயரிலும் ‘பாரத்வாஜன்’ என்ற பெயரிலும் எழுதியிருக்கிறார். திருச்சி மாவட்டம், துறையூரிலிருந்து வெளிவந்த ‘கிராம ஊழியன்’ இதழின் ஆசிரியராகவும் இருந்தவர் அவர். அவர்மீது கொண்ட பற்றால், ஆர். நாராயணசாமி என்ற எழுத்தாளர் தன் பெயரை ‘கரிச்சான் குஞ்சு’ என்றே வைத்துக்கொண்டார்.

வாலால் வந்த பெயர்

இரட்டைவாலன், இரட்டைவால் குருவி, கருவாட்டுவாலி ஆகிய மூன்றும் வாலைப் பார்த்து வைத்த பெயர்கள். அலகு முதல் வால் நுனி வரை இந்தப் பறவை ஏறத்தாழ 30 செ.மீ. நீளம். அதில் பாதி வால்தான். நுனியில் அது இரண்டாகப் பிளந்து வெளிப்பக்கம் வளைந்திருக்கும். காய்ந்த மீனின் வாலைப் பார்த்தவர்களுக்கு ‘கருவாட்டுவாலி’ என்ற பெயர் ஏன் வந்தது என்று விளக்க வேண்டியதில்லை.

விஞ்ஞானிகள் வைத்த பெயரும் இதையேதான் சொல்கிறது. ‘டைக்ரூரஸ் மேக்ரோசெர்கஸ்’ என்பது இதன் அறிவியல் பெயர். கிரேக்க மொழியில் முதல் சொல்லுக்குப் ‘பிளவுபட்ட வால்’, இரண்டாவது சொல்லுக்கு ‘நீண்ட வால்’ என்று பொருள். வியேயோ என்ற பிரெஞ்சுப் பறவையியலாளர் 1817-ம் ஆண்டு வைத்த பெயர் இது. நம் ஊரில் மாடு மேய்த்தவர் கவனித்ததைத்தான் அவரும் கவனித்திருக்கிறார்.

உங்கள் மகன் சொல்லும் ‘ட்ராங்கோ’ ஆங்கிலச் சொல் அல்ல. ஆப்பிரிக்காவுக்குக் கிழக்கே உள்ள மடகாஸ்கர் தீவின் மக்கள், தங்கள் ஊரில் இருக்கும் இதே இனப் பறவைக்கு வைத்த பெயர் அது. ஐரோப்பியர்கள் அதை எடுத்துக்கொண்டு, இந்த இனம் முழுவதற்கும் பொதுவாக்கிவிட்டார்கள். ஆஸ்திரேலியாவில் இந்தச் சொல்லுக்கு வேறு கதை. அங்கே 1920-களில் ‘ட்ராங்கோ’ என்று பெயர் வைக்கப்பட்ட பந்தயக் குதிரை ஒன்று, ஓடிய பந்தயம் ஒன்றில்கூட ஜெயிக்கவில்லை. அதனால், அந்த நாட்டுப் பேச்சில் ‘ட்ராங்கோ’ என்றால் மந்தமான ஆள் என்று அர்த்தமாகிவிட்டது. பறவைக்கும் அந்த அர்த்தத்துக்கும் துளியும் சம்பந்தம் இல்லை.

குணத்தால் வந்த பெயர்

மாமியார் சொல்லும் ‘வலியன்’ என்ற பெயரில் இருக்கும் ‘வலி’, நோவைக் குறிப்பது அல்ல, வலிமையைக் குறிப்பது. வலியான் என்றும் சொல்வார்கள். இந்தப் பெயர் எப்படி வந்தது என்பதற்கு ஒரு புராணக் கதையே இருக்கிறது.

பரஞ்சோதி முனிவர் பாடிய திருவிளையாடற் புராணத்தில் 47-வது படலம், கரிக்குருவிக்கு உபதேசம் செய்த படலம். முற்பிறவியில் செய்த சிறு பாவத்தால் ஒருவர் கரிக்குருவியாகப் பிறக்கிறார். காக்கை முதலான பறவைகள் அதன் தலையைக் கொத்தித் துன்புறுத்துகின்றன. தப்பிப் பறந்த குருவி ஒரு மரத்தில் உட்காருகிறது. மரத்தடியில் அடியார் ஒருவர் மதுரையின் பெருமையைச் சொல்வது அதன் காதில் விழுகிறது. உடனே மதுரைக்குப் போய், பொற்றாமரைக் குளத்தில் நீராடி வழிபடுகிறது. சோமசுந்தரர் அதற்கு மந்திர உபதேசம் செய்து வலிமையும் தருகிறார். குருவி அத்துடன் நிற்கவில்லை. ‘எனக்கு மட்டும் போதாது, என் இனத்துக்கே இந்த வலிமை வேண்டும்’ என்று கேட்கிறது. அதையும் இறைவன் அருள, அந்த இனத்துக்கு ‘வலியான்’ என்ற பெயர் வந்தது என்கிறது புராணம். மதுரை மீனாட்சி அம்மன் கோயிலில் ஆவணி மூலத் திருவிழாவின்போது இந்த லீலை இன்றைக்கும் நடத்திக் காட்டப்படுகிறது.

கதையை ஒரு பக்கம் வைத்துவிட்டு, வயலில் நின்று பார்த்தாலும் இந்தப் பெயர் பொருந்தும். கரிச்சானின் எடை ஏறத்தாழ 50 கிராம். காகம் அதைவிடப் பல மடங்கு கனம். பருந்து அரை கிலோவுக்கும் மேல் இருக்கும். ஆனாலும், தன் கூடு இருக்கும் மரத்துப் பக்கம் காகமோ, பருந்தோ, வல்லூறோ வந்தால் கரிச்சான் சும்மா இருக்காது. மேலிருந்து பாய்ந்து முதுகிலும் தலையிலும் கொத்தும். எல்லை தாண்டும் வரை துரத்திக்கொண்டே போகும். புராணத்தில் காக்கையிடம் அடி வாங்கிய குருவி, இப்போது காக்கையைத் துரத்துகிறது. இந்த மாற்றம் எப்படி வந்தது என்று பார்த்தவர்களுக்குத் தோன்றிய கேள்விக்கு, அந்தக் கதை பதிலாக அமைந்திருக்கிறது.

மற்ற ஊர்க்காரர்களும் இதே குணத்தைத்தான் பெயரில் வைத்திருக்கிறார்கள். இந்தியில் இதற்குக் ‘கோத்வால்’ என்று பெயர். ஊர்க்காவல் அதிகாரி என்று பொருள். சென்னையில் கோயம்பேட்டுக்கு முன்பு காய்கறிச் சந்தை நடந்த கொத்தவால்சாவடியில் இருப்பதும் அதே சொல்தான். ஆங்கிலேயர்கள் ‘காக்கை ராஜா’ என்ற பொருள் வரும்படி பெயர் வைத்தார்கள். கேரளாவில் கரிச்சான் வகைகளில் ஒன்றுக்குக் காக்கத்தம்புராட்டி, இன்னொன்றுக்குக் காக்கராஜன் என்று பெயர். எல்லோருமே காக்கையை அடக்கும் பறவை என்றுதான் பார்த்திருக்கிறார்கள்.

இந்தக் காவலை மற்ற பறவைகளும் புரிந்துவைத்திருக்கின்றன. மாங்குயில், புறா, கொண்டைக்குருவி, தவிட்டுக்குருவி போன்ற சாதுவான பறவைகள், கரிச்சான் கூடு கட்டிய மரத்திலோ பக்கத்து மரத்திலோ கூடு கட்டுவதைப் பறவை ஆராய்ச்சியாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். திருட வரும் காகத்தைக் கரிச்சான் விரட்டிவிடும். இவற்றின் முட்டைகளும் தப்பிக்கும். கொல்லையில் கரிச்சான் கூடு இருந்தால், நாட்டுக்கோழிக் குஞ்சுகளைத் தூக்க வரும் பருந்துக்கும் இடைஞ்சல்தான்.

ஸ்ரீரங்கத்து அத்தை சொன்ன பெயர்

ஆண்டாள் பாடிய திருப்பாவையின் 30 பாசுரங்களில் ஏழாவது பாசுரத்தில் ஆனைச்சாத்தன் வருகிறது. விடியும் முன்பே அந்தப் பறவைகள் ஒன்றோடொன்று பேசும் சத்தமும், ஆய்ச்சியர் தயிர் கடையும் சத்தமும் கேட்கவில்லையா என்று, தூங்கும் தோழியை எழுப்பும் பாட்டு அது. ஆனைச்சாத்தன் என்பது வலியன்தான் என்றும், வடமொழியில் பரத்வாஜ பட்சி என்றும் வைணவப் பெரியவர்கள் பொருள் சொல்வார்கள். கு.ப. ராஜகோபாலனின் இரண்டு புனைபெயர்களும் ஒரே பறவையின் பெயர்களாக இருப்பது இதிலிருந்து தெரியும்.

பாட்டில் வரும் நேரமும் சரியாகப் பொருந்துகிறது. காலையில் மற்ற பறவைகளுக்கு முன்பே எழுந்து குரல் கொடுப்பதும், மாலையில் இருட்டும் வரை பூச்சி பிடித்துவிட்டுக் கடைசியாக அடைவதும் கரிச்சானின் வழக்கம். சுமார் 1,200 ஆண்டுகளுக்கு முன்பே, விடியலுக்கு அடையாளமாக இந்தக் குரலைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். இன்றைக்கும் மார்கழி ஏழாம் நாள் ஸ்ரீரங்கத்தில் அந்தப் பாசுரம் ஒலிக்கும் நேரத்தில், கொள்ளிடக் கரைப் பக்கம் போனால் பாட்டில் வரும் பறவையையும் கேட்கலாம்.

சரி, இத்தனை சிறிய குருவிக்கும் யானைக்கும் என்ன சம்பந்தம்? இதற்குப் பக்கத்து மாநிலம் துணைக்கு வருகிறது. மலையாளத்தில் கரிச்சானுக்கு ‘ஆனறாஞ்சி’ என்று பெயர். ‘றாஞ்சுதல்’ என்றால் பாய்ந்து பறித்துக்கொண்டு போவது. யானையையே தூக்கிப் போகும் குருவி என்று, அதன் துணிச்சலைப் பெரிதுபடுத்திச் சொன்ன பெயர் அது. தமிழில் ‘சாத்துதல்’ என்ற சொல்லுக்கு அடித்தல் என்ற பொருள் உண்டு. ‘சாத்து சாத்து என்று சாத்திவிட்டான்’ என்று இன்றைக்கும் பேசுகிறோம். அப்படிப் பார்த்தால் ஆனைச்சாத்தன் என்பதை ‘யானையையே சாத்துகிறவன்’ என்று கொள்ள இடம் இருக்கிறது.

சாத்தன் என்பது பழைய தமிழ் ஆள்பெயரும்கூட. மணிமேகலையைப் பாடியவர் சீத்தலைச் சாத்தனார். ஊர் எல்லையில் காவல் நிற்கும் ஐயனாருக்கும் சாத்தன் என்ற பெயர் உண்டு. கே.கே. நகரை ஒட்டியிருக்கும் கே. சாத்தனூரின் பெயரிலும் அந்தச் சாத்தன் இருக்கிறார். இப்படிப் பார்த்தாலும், ஊரைக் காக்கும் சாமியின் பெயர் வயலைக் காக்கும் குருவிக்குப் பொருத்தமாகவே இருக்கிறது. அடிக்கிறவன் என்று எடுத்துக்கொண்டாலும், காக்கிறவன் என்று எடுத்துக்கொண்டாலும், பெயர் பாராட்டுப் பெயர்தான்.

இனி உங்கள் வயலுக்கு வருவோம்

கரிச்சான் உயரமான, திறந்த இடத்தில் உட்கார்ந்து சுற்றிலும் பார்த்துக்கொண்டே இருக்கும். வெட்டுக்கிளியோ, அந்துப்பூச்சியோ, வண்டோ அசைந்தால் பாய்ந்து பிடித்துக்கொண்டு பழைய இடத்துக்கே திரும்பும். மேயும் மாட்டின் முதுகில் சவாரி செய்வது, மாடு மிதிக்கும்போது கிளம்பும் பூச்சிகளுக்காக. ஏருக்கும் டிராக்டருக்கும் பின்னால் வருவது, மண் புரளும்போது வெளிப்படும் புழுக்களுக்காக. மழை விட்டதும் ஈசல் கிளம்பும் இடத்தில் கூட்டமாகச் சேரும். கடலை விதைத்த நிலத்தில் அது தரையில் இறங்கினால், அங்கே ஏதோ ஒரு புழுவையோ பூச்சியையோ பார்த்துவிட்டது என்று அர்த்தம். விதைக்காக அது இறங்குவதில்லை.

வெடி போடும்போது காகத்தோடு சேர்ந்து கரிச்சானும் ஓடிவிடும். காகம் புத்திசாலி, வெடிச் சத்தம் பழகியதும் திரும்பி வந்துவிடும். காகத்தை விரட்டும் குருவியை நாமே விரட்டிவிட்டு, காகத்துக்கு வழிவிடுவதாக முடியும். அதனால், விதைத்த முதல் 10 நாள்கள் ஆள்வைத்துக் காக்கும்போது, விரட்டப்படுவது எந்தப் பறவை என்று பார்த்து விரட்டச் சொல்லுங்கள். காகத்துக்குத் தடித்த அலகு, கழுத்தில் சாம்பல் நிறம், சாதாரண வால். கரிச்சானுக்கு மெலிந்த உடம்பு, பிளந்த வால். காவலுக்கு இருப்பவரிடம் ‘கருவாட்டுவால் இருந்தால் விட்டுவிடுங்கள்’ என்று சொன்னால் போதும்.

இன்னொரு விஷயம். காட்டுப் பறவைகளைப் பிடிப்பதும் கொல்வதும் 1972-ம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். கண்ணி வைப்பது, கவண் அடிப்பது போன்றவற்றுக்கும் இடம் தரக் கூடாது.

கேள்வி: ‘‘லால்குடியில் ஒன்றரை ஏக்கர் நெல் சாகுபடி. கரிச்சான் வருவதற்குப் பறவை தாங்கி வைக்கச் சொல்கிறார்கள். எத்தனை வைக்க வேண்டும்? எப்போது எடுக்க வேண்டும்?’’

- வாசகர், லால்குடி.

பதில்: மரம், மின்கம்பி இல்லாத வயல் நடுவில் கரிச்சானுக்கு உட்கார இடம் இருக்காது. அந்தக் குறையைத் தீர்ப்பதுதான் பறவை தாங்கி. ‘ட’ போன்றோ ‘டி’ போன்றோ எந்த வடிவத்தில் இருந்தாலும், குறுக்குக் குச்சி ஒன்று இருந்தால் போதும். மூங்கில், சீமைக்கருவேல் கொம்பு, காய்ந்த தென்னை மட்டை என்று கையில் கிடைப்பதை வைத்தே செய்யலாம். காசு கொடுத்து வாங்க வேண்டிய பொருள் எதுவும் இல்லை.

ஏக்கருக்கு 15 முதல் 20 தாங்கிகள் போதும். ஏறத்தாழ 50 அடிக்கு ஒன்று என்ற கணக்கில், வரப்பில் மட்டும் இல்லாமல் வயலின் உள்பக்கமும் ஊன்றுங்கள். பயிரின் உயரத்தைவிட ஓரடி, இரண்டடி உயரமாக இருக்கட்டும். பயிர் வளர வளர, தாங்கி மறைந்துவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். மறைந்துபோன தாங்கியில் கரிச்சான் உட்காராது.

நெல் பால் பிடிக்கத் தொடங்கியதும் தாங்கிகளை எடுத்துவிடுங்கள். அதற்குப் பிறகு சிட்டுக்குருவி, தினைக்குருவி, கிளி போன்ற தானியம் தின்னும் பறவைகள் அதில் உட்கார்ந்து கதிரைக் கொத்தும்.

இதனால் எல்லாப் பூச்சியும் தீர்ந்துவிடும் என்று எதிர்பார்க்க வேண்டாம். பறக்கும் அந்துப்பூச்சி, வெட்டுக்கிளி, வெளியே தெரியும் புழு ஆகியவற்றைத்தான் கரிச்சான் பிடிக்கும். தண்டுக்குள் போய்விட்ட குருத்துப்புழுவையும், தூரில் மறைந்திருக்கும் புகையானையும் அதனால் எடுக்க முடியாது. அதற்கு வயலைப் பார்வையிட்டு, வேறு முறைகளையும் சேர்த்துச் செய்ய வேண்டும். திருச்சி மாவட்ட விவசாயிகள் சிறுகமணி வேளாண்மை அறிவியல் நிலையத்தில் இதற்கான ஆலோசனை பெறலாம். தாங்கி வைத்த வயலில் வீரியமான பூச்சிக்கொல்லியைத் தெளித்தால், பூச்சியோடு சேர்த்து அதைத் தின்னும் குருவிக்கும் கேடு. இரண்டில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க முடியும்.

கேள்வி: ‘‘10 தேனீப்பெட்டிகள் வைத்திருக்கிறேன். கரிச்சான் தேனீயைப் பிடித்துத் தின்கிறது. இதையும் உழவர் நண்பன் என்றுதான் சொல்ல வேண்டுமா?’’

- வாசகர், துறையூர்.

பதில்: நீங்கள் பார்த்தது உண்மைதான். நன்மை செய்யும் பூச்சி, தீமை செய்யும் பூச்சி என்ற கணக்கெல்லாம் கரிச்சானுக்குக் கிடையாது. தேனீ, குளவி, தட்டான் என்று பறப்பது எதுவாக இருந்தாலும் பிடிக்கும். வலுவான கூட்டத்தில் சில வேலைக்காரத் தேனீக்கள் குறைந்தால் பெரிய பாதிப்பு இல்லை. கூட்டம் பலவீனமாக இருக்கும்போதும், புதிய ராணி இணைசேரப் பறந்து போகும் நாள்களிலும்தான் கவனம் தேவை. அந்தப் பறப்பில் ராணி பிடிபட்டால், பெட்டியே காலியாகிவிடும்.

பெட்டிகளை மின்கம்பிக்குக் கீழேயோ, பட்ட மரத்துக்குப் பக்கத்திலோ வைக்காமல், இலை அடர்ந்த மர நிழலுக்குள் தாழ்வாக வையுங்கள். திறந்த இடத்தில் உட்கார்ந்துதான் கரிச்சானால் வேட்டையாட முடியும். பறவை தாங்கிகளைப் பெட்டிகளுக்கு அருகில் ஊன்ற வேண்டாம். கம்பியில் கரிச்சானோடு பச்சை நிறத்தில் பஞ்சுருட்டான் இருக்கிறதா என்றும் பாருங்கள். தேனீக்களைப் பிடிப்பதில் கரிச்சானைவிடக் கெட்டிக்காரன் அவன்.

எந்த உயிரும் அதன் இடத்தில் இருக்கும் வரைதான் நண்பன் என்பதற்கு, பசிபிக் பெருங்கடலில் ஓர் உதாரணம் இருக்கிறது. ஜப்பானியர்கள் 1935-ம் ஆண்டு, பூச்சிகளைக் கட்டுப்படுத்துவதற்காகத் தைவானிலிருந்து கரிச்சான்களைக் கொண்டுபோய் ரோட்டா என்ற தீவில் விட்டார்கள். அவை அங்கிருந்து குவாம் தீவுக்கும் பரவின. அந்தத் தீவுகளின் சிறிய பறவைகளுக்குக் கரிச்சானோடு வாழ்ந்து பழக்கம் இல்லை. அவற்றைக் கரிச்சான் துன்புறுத்துகிறது என்று இப்போது அங்கே கவலைப்படுகிறார்கள். நம் ஊரில் காலங்காலமாக ஒன்றாக வாழ்ந்த புறாவும் கொண்டைக்குருவியும், அதே கரிச்சானின் நிழலில் கூடு கட்டுகின்றன.

கேள்வி: ‘‘எங்கள் தோட்டத்தில் வரும் கரிச்சானுக்கு வயிற்றில் வெள்ளை இருக்கிறது. இது வேறு பறவையா?’’

- வாசகி, முசிறி.

பதில்: இரண்டு வாய்ப்புகள் உள்ளன. கரிச்சானின் இளம் பறவைகளுக்கு அடிவயிற்றில் வெள்ளைத் தீற்றல்கள் இருக்கும். வளர்ந்ததும் மறைந்துவிடும். வயிறு முழுக்கச் சுத்தமான வெள்ளையாக இருந்தால், அது வெண்வயிற்றுக் கரிச்சான். தோப்பும் மரமும் அடர்ந்த இடங்களை விரும்பும்.

பெயரில் கரிச்சான் இருந்தாலும் வேறு இனத்தைச் சேர்ந்தவையும் உண்டு. வீட்டுத் தோட்டத்தில் வாலைத் தூக்கிக்கொண்டு இனிமையாகப் பாடும் கறுப்பு வெள்ளைக் குருவிக்குக் குண்டுக்கரிச்சான் என்று பெயர். அதன் வால் பிளந்திருக்காது. வேலியிலும் கல் மேலும் உட்காரும் சின்னக் கறுப்புக் குருவி, கருஞ்சிட்டு. ஆண் குயிலும் கறுப்புதான். ஆனால் அதற்குப் பிளந்த வால் இல்லை. வெளியே வந்து கம்பியில் உட்காரவும் தயங்கும். இவற்றையெல்லாம் விட வேடிக்கை, கரிச்சான் குயில். குயில் இனத்தைச் சேர்ந்த இந்தப் பறவை, கறுப்பு உடம்பும் பிளந்த வாலுமாகக் கரிச்சானைப் போலவே வேடம் போட்டிருக்கும். அடையாளம் தெரிய வேண்டுமென்றால் வாலையும் அலகையும் மட்டும் பார்த்தால் போதாது. காகத்தைத் துரத்துகிறதா என்று பாருங்கள். துரத்தினால் அது அசல் வலியன்.

பங்குனி முதல் ஆடி வரை கரிச்சான் கூடு கட்டும் காலம். வேம்பு, புளி, கருவேல மரங்களின் வெளிக்கிளைகளில், கவட்டையான இடத்தில் சிறிய கிண்ணம் போலக் கூடு இருக்கும். மூன்று அல்லது நான்கு முட்டைகள் இடும். ஆணும் பெண்ணும் சேர்ந்தே காக்கும். அந்த மாதங்களில் வரப்போர மரங்களைக் கழிக்க வேண்டியிருந்தால், கூடு இருக்கும் கிளையை மட்டுமாவது விட்டுவையுங்கள்.

இங்கே சொன்னவை தவிர, உங்கள் ஊரில் இந்தக் குருவிக்கு வேறு பெயர் இருக்கலாம். மாடு மேய்த்தவர்கள், ஏர் ஓட்டியவர்கள், நாற்று நட்ட பாட்டிமார்கள் ஆகியோரிடம் கேட்டால் சொல்வார்கள். கேட்ட பெயரையும், அந்தப் பெயர் ஏன் வந்தது என்று அவர்கள் சொல்லும் காரணத்தையும், வீட்டுப் பிள்ளைகளை நோட்டில் எழுதி வைக்கச் சொல்லுங்கள். அடுத்த போகத்தில் வயலுக்குக் காவல் போகிறவருக்கு, எந்தக் குருவியை விரட்ட வேண்டும், எந்தக் குருவியை விட்டுவைக்க வேண்டும் என்று தெரிந்துகொள்ள அந்த நோட்டு உதவும்.